எழுபது வயதில் ஸ்டியரிங்: வண்டியை மாற்றுவதா, வழியை மாற்றுவதா, ஆளை வைப்பதா?

எழுபது தாண்டியவர் கார் ஓட்டுவதைப் பற்றி நம் வீடுகளில் நடக்கும் பேச்சு பெரும்பாலும் இரண்டே வாக்கியங்களில் முடிந்துவிடும். "அப்பா, இனிமேல் நீங்கள் வண்டி எடுக்க வேண்டாம்" என்று துபாயிலிருந்தோ பெங்களூரிலிருந்தோ பிள்ளை சொல்வான். "நாற்பது வருடமாக ஓட்டுகிறேன், ஒரு கீறல் விழுந்ததில்லை" என்று சொல்லிவிட்டு அப்பா போனை அம்மாவிடம் நீட்டிவிடுவார். அதோடு சரி. தெரிந்தவர் யாராவது எங்காவது இடித்துக்கொண்ட செய்தி வந்தால்தான் பேச்சு மறுபடி எழும்.

ஓட்டலாமா கூடாதா என்று ஒரே கேள்வியாகக் கேட்பதால் வரும் முட்டல் இது. எந்தச் சாலையில், எந்த நேரத்தில், எந்த வண்டியில், யார் ஓட்டுவது என்று பிரித்துக் கேட்டால் கையில் ஐந்து வழிகள் இருக்கின்றன. இருக்கும் காரையே சில வரம்புகளோடு ஓட்டுவது, டிரைவிங் ஸ்கூலில் சில வகுப்புகள் போய்ப் பழக்கத்தைச் சரிபார்ப்பது, ஆட்டோமேட்டிக் காருக்கு மாறுவது, வேண்டிய நாளுக்கு ஆக்டிங் டிரைவர் வைப்பது, காரை விற்றுவிட்டு ஆட்டோவிலும் பஸ்ஸிலும் போவது. ஸ்கூட்டருக்கு மாறுவது என்று ஆறாவதாக ஒன்றையும் சிலர் சொல்வார்கள். அதற்கு நான் அதிக இடம் தரப் போவதில்லை.

பேச்சு அந்தரத்தில் நிற்காமல் இருக்க ஒரு வீட்டை எடுத்துக்கொள்கிறேன். கடலூர் மஞ்சக்குப்பத்தில் என் மாமாவும் அத்தையும் இருக்கிறார்கள். மாமாவுக்கு 72 வயது, ஓய்வு பெற்ற தலைமையாசிரியர். கியர் வைத்த பழைய பெட்ரோல் கார். சர்க்கரைக்கும் இரத்த அழுத்தத்துக்கும் மாத்திரை உண்டு. மகள் புதுச்சேரி லாஸ்பேட்டையில், மகன் வெளிநாட்டில். கார் போகிற இடங்கள் உழவர் சந்தை, திருப்பாதிரிப்புலியூர் பாடலீசுவரர் கோயில், தேவனாம்பட்டினம் கடற்கரை, அவ்வப்போது மகள் வீடு, முகூர்த்த நாட்களில் திருவந்திபுரம் கோயில், எப்போதாவது புதுச்சேரி ஜிப்மர் மருத்துவமனை. இந்தப் பட்டியலை ஒரு தாளில் எழுதி, எதிரே நேரத்தையும் எழுதிப் பார்த்தபோதுதான் வீட்டில் சண்டை அடங்கியது. காலை ஆறரை மணிக்குக் கடற்கரைக்குப் போவதும், ஞாயிறு இரவு லாஸ்பேட்டையிலிருந்து திரும்பி வருவதும் ஒரே வேலை என்று யாராலும் வாதாட முடியவில்லை.

சட்டத்தைக் கேட்டு முடிவெடுக்கலாம் என்று நினைப்பவர்களுக்கு ஏமாற்றம்தான். சொந்தக் கார் ஓட்ட இந்தியாவில் மேல் வயது வரம்பு கிடையாது. 2019-ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பிறகு, 55 வயதைக் கடந்தவர் லைசென்ஸைப் புதுப்பித்தால் ஐந்தாண்டுகளுக்குச் செல்லும். காலாவதியாவதற்கு ஓராண்டு முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம். காலாவதியாகி ஓராண்டு கடந்துவிட்டாலோ, மறுபடி ஓட்டிக்காட்டித் தேற வேண்டும். நாற்பது வயதுக்கு மேற்பட்டவர்கள் படிவம் 1ஏ என்ற மருத்துவச் சான்றிதழையும் இணைக்க வேண்டும். நல்ல பகல் வெளிச்சத்தில் 25 மீட்டர் தொலைவில் நிற்கும் காரின் நம்பர் பிளேட்டைப் படிக்க முடிகிறதா, மாலைக்கண் உண்டா, காது கேட்கிறதா என்றெல்லாம் மருத்துவர் பார்த்துக் கையெழுத்திட வேண்டும் என்பது அந்தப் படிவத்தின் எதிர்பார்ப்பு. நடைமுறையில் பல ஊர்களில் கையெழுத்து முதலில் வந்துவிடும். கண்ணைப் பார்ப்பது அவரவர் அதிர்ஷ்டம்.

மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் போகும் கார் அந்த 25 மீட்டரை ஒன்றரை நொடியில் கடந்துவிடும் என்பதையும் கணக்கில் வையுங்கள். 72 வயதில் புதுப்பித்தவரிடம் அரசு அடுத்ததாக 77 வயதில்தான் மருத்துவச் சான்று கேட்கும். இடைப்பட்ட காலத்தில் கண்புரை தோன்றி முற்றியும்விடலாம். ஆகவே லைசென்ஸ் கையில் இருப்பதை உடல் தகுதிக்குச் சான்றாகக் காட்டுவதில் பயனில்லை. ஆண்டுக்கு ஒரு முறை வீட்டுக்குள்ளேயே பார்த்துக்கொள்வதுதான் வழி.

முதல் செலவு கண்ணுக்கு

ஐந்தில் எந்த வழியை எடுப்பதானாலும் அதற்கு முன் செய்ய வேண்டியது கண் பரிசோதனை. அறுபது வயதுக்காரரின் விழித்திரைக்குப் போய்ச் சேரும் வெளிச்சம், இருபது வயதில் சேர்ந்ததில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்குதான். கண்பாவை சிறுத்துவிடுகிறது, விழிலென்ஸ் பழுப்பேறுகிறது. எதிரே ஒருவர் ஹை பீமில் வந்துவிட்டுப் போனபின் கண் தெளிய ஆகும் நேரமும் கூடுகிறது. அந்தத் தெளியாத நொடிகளில்தான் பின்விளக்கு இல்லாத டிராக்டரும், இருட்டில் சாலையைக் கடக்கும் ஆளும் இருப்பார்கள்.

கடலூர்–புதுச்சேரி சாலையில் இது ஏட்டுச் சங்கதி இல்லை. முள்ளோடையில் புதுச்சேரி எல்லைக்குள் நுழைந்ததும் மதுக்கடைகள். சனி, ஞாயிறு மாலைகளில் அங்கிருந்து கிளம்பி வரும் இருசக்கர வண்டிகள் எந்தப் பக்கம் திரும்பும் என்று ஓட்டுபவருக்கே தெரியாது. கன்னியக்கோயில், கிருமாம்பாக்கம், தவளக்குப்பம் என்று ஊருக்கு ஊர் கடைவீதி சாலையோடு ஒட்டிக்கிடக்கிறது. நோணாங்குப்பம் படகுக் குழாம் வாசலில் சுற்றுலா வண்டிகள் திடீரென்று நின்று திரும்பும். முப்பது வயதுக்காரருக்கே எரிச்சல் வரும் சாலை. இதில் கூசிய கண்ணோடு ஓட்டுவது திறமை குறித்த விஷயமே கிடையாது.

இதில் ஆறுதலான செய்தியும் உண்டு. கண்புரை சரிசெய்யக்கூடியது. அமெரிக்காவில் 2002-இல் வெளியான ஓர் ஆய்வில், கண்புரையை அகற்றிக்கொண்ட முதியவர்களின் விபத்து விகிதம், அகற்றிக்கொள்ளாதவர்களின் விகிதத்தில் ஏறக்குறைய பாதியாக இருந்தது. புதிய கார் வாங்கும் காசில் இந்தப் பலன் கிடைக்காது. கிளாக்கோமா எனும் கண்நீர் அழுத்த நோய் வேறு வகை. அது நேர்ப்பார்வையைத் தொடாமல் ஓரப்பார்வையை மெல்லத் தின்னும். நோயாளிக்கு எதுவும் தெரியாது. நம்பர் பிளேட்டையும் கடகடவென்று படித்துவிடுவார். சந்திலிருந்து வரும் சைக்கிள் மட்டும் அவருக்கு "எங்கிருந்தோ முளைத்தது" போலத் தோன்றும். வீட்டில் யாராவது இந்தச் சொற்களை அடிக்கடி சொல்லத் தொடங்கினால் கண் அழுத்தத்தையும் பார்வைப் பரப்பையும் சோதிக்கச் சொல்லுங்கள்.

நம் பகுதிக்காரர்களுக்குக் கண் மருத்துவ வசதியில் குறையே இல்லை. தவளக்குப்பத்தில் அரவிந்த் கண் மருத்துவமனை கடலூர் சாலையிலேயே இருக்கிறது, கோரிமேட்டில் ஜிப்மர். ஒன்றை மட்டும் முன்கூட்டியே திட்டமிடுங்கள். பாவையை விரிக்கச் சொட்டு மருந்து விட்டால் சில மணி நேரம் கண் மங்கலாகவும் கூச்சமாகவும் இருக்கும். தானே ஓட்டிக்கொண்டு பரிசோதனைக்குப் போகிறவர் தானே ஓட்டிக்கொண்டு திரும்ப முடியாது. அன்றைக்குப் பஸ்ஸில் போங்கள். கடலூர்–புதுச்சேரி பஸ்ஸுக்கு யாரும் அதிக நேரம் காத்திருப்பதில்லை.

இரவு ஓட்டத்துக்கென்று விற்கும் மஞ்சள் கண்ணாடியை வாங்கி அனுப்பும் பிள்ளைகளுக்கு ஒரு வேண்டுகோள்: வேண்டாம். உள்ளே வரும் கொஞ்ச வெளிச்சத்தையும் அது வடிகட்டிவிடும். அந்தக் காசில் வைப்பர் ரப்பரை மாற்றலாம், மங்கிய ஹெட்லைட்டைப் பாலிஷ் போடலாம், முன்கண்ணாடியின் உட்புறத்தில் படிந்திருக்கும் புகைப்படலத்தைத் துடைக்கலாம். இரவில் கூச்சத்தைப் பரப்புவதில் அந்தப் படலத்துக்குப் பெரும் பங்கு உண்டு.

கண்ணுக்கு அடுத்தது மாத்திரை டப்பா. கிளிமிபிரைடு, கிளிபென்கிளமைடு போன்ற சர்க்கரை மாத்திரைகளும் இன்சுலினும் சர்க்கரையைத் தாழ்த்திவிடக்கூடும். நேரத்துக்குச் சாப்பிடாமல் கோயில் வரிசையில் நின்றுவிட்டுக் காரை எடுப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். பிரிட்டனில் இப்படிப்பட்டவர்களுக்கு ஒரு நடைமுறை இருக்கிறது. ஓட்டும் முன் இரத்தச் சர்க்கரை டெசிலிட்டருக்கு 90 மில்லிகிராமுக்குக் கீழே இருந்தால் ஏதாவது சாப்பிட வேண்டும். 70-ஐ ஒட்டித் தாழ்ந்துவிட்டால் ஓட்டவே கூடாது. சரியான பிறகும் முக்கால் மணி நேரம் கழித்துத்தான் ஸ்டியரிங்கைத் தொடலாம், ஏனென்றால் மூளை தெளிய அவ்வளவு நேரம் ஆகும். சளிக்குச் சாப்பிடும் சில மாத்திரைகள், இருமல் மருந்துகள், தூக்க மாத்திரைகள் ஆகியவற்றின் மந்தம் மறுநாள் காலைவரைகூட நீளும். "நான் கார் ஓட்டுகிறேன்" என்று மருத்துவரிடம் ஒரு வாக்கியம் சொல்லிவைத்தால் அவரே மாற்று மருந்தோ வேறு நேரமோ எழுதிக்கொடுப்பார். பலர் சொல்வதில்லை, தடுத்துவிடுவார் என்ற பயம்.

இருக்கும் காரை வரம்போடு ஓட்டுவது

கண் சரியாக இருக்கிறது என்று தெரிந்தபின், ஐந்தில் செலவே இல்லாத வழி இது. ஆனால் வரம்பு என்பது "பார்த்து ஓட்டுகிறேன்" என்ற வாய்ச்சொல்லாக இருக்கக் கூடாது. மாமா வீட்டில் எழுதிவைத்திருப்பது இப்படி: விளக்குப் போடும் நேரத்துக்குப் பிறகு இல்லை, மழை பெய்யும்போது இல்லை, சனி ஞாயிறுகளில் புதுச்சேரி இல்லை, திருவிழா நாளில் இல்லை. மாசி மகத்தன்று தேவனாம்பட்டினத்துக்கும், ஆடி வெள்ளியில் வீராம்பட்டினத்துக்கும், பெரிய முகூர்த்தங்களில் திருவந்திபுரத்துக்கும் காரை எடுத்துப் போகிறவர் எந்த வயதானாலும் நடுத்தெருவில் மாட்டிக்கொள்வார்.

நேரத்தைத் தேர்ந்தெடுப்பதில் சூரியனையும் சேர்க்க வேண்டும். புதுச்சேரிச் சாலை தெற்கு வடக்காக ஓடுவதால் காலையிலும் மாலையிலும் வெயில் பக்கவாட்டில்தான் விழும். பண்ருட்டிச் சாலை அப்படியில்லை. மாலையில் கடலூரிலிருந்து பண்ருட்டி நோக்கிப் போனால் சூரியன் நேரே முகத்தில். காலையில் அங்கிருந்து கடலூருக்கு வந்தாலும் அதே கதை. கிழக்கே கடற்கரைக்கு விடியற்காலையில் போகும்போதும் கண் கூசும். அரை மணி முன்பின் போனால் தீர்ந்துவிடும் தொல்லை.

வலப்பக்கம் திரும்புவது இன்னொன்று. எதிரே வரும் வண்டியின் தூரம், வேகம், குறுக்கே புகும் பைக், நடப்பவர்கள் என்று ஒரே நேரத்தில் நான்கைந்தைக் கணக்கிட வேண்டியிருப்பதால், முதியவர்களின் விபத்துகள் சாலைச் சந்திப்புகளில்தான் அதிகம் என்பது பல நாடுகளிலும் கண்ட உண்மை. பாரதி சாலையிலோ லாரன்ஸ் சாலையிலோ சிக்னல் இல்லாத இடத்தில் வலப்பக்கம் வெட்டுவதற்குப் பதில், சற்றுத் தூரம் போய்ச் சிக்னலில் திரும்பலாம். அல்லது இடப்பக்கமாகவே சுற்றி வரலாம். பெட்ரோல் ஒரு துளி கூடுதல். மாமாவுக்கு இது கௌரவப் பிரச்சினையாக இருந்தது. அத்தை "எனக்கு அந்தப் பக்கம் பூக்கடையில் வேலை இருக்கிறது" என்று சொல்லிச் சொல்லியே பழக்கிவிட்டார்.

பக்கத்து இருக்கையில் இருக்கும் மனைவியின் கருத்தை ஆண்கள் தொணதொணப்பு என்று ஒதுக்குகிறார்கள். என்னைக் கேட்டால் வீட்டிலுள்ள ஒரே நம்பகமான அளவுகோல் அதுதான். முன்பெல்லாம் காரில் தூங்கிவிடும் அத்தை இப்போது தூங்குவதில்லை என்றால், அதற்குக் காரணம் இருக்கிறது.

டிரைவிங் ஸ்கூல்: யாரும் நினைக்காத வழி

ஐந்தில் நான் முதலிடம் தருவது இதற்குத்தான். செலவு குறைவு, பலன் அதிகம், கூச்சம் மட்டுமே தடை. "நான் ஓட்டக் கற்றுக்கொடுத்த பையன்கள் எத்தனையோ பேர், எனக்கு எல் போர்டா?" என்று மாமா கேட்டார். எல் போர்டு மாட்ட வேண்டியதில்லை; லைசென்ஸ் உள்ளவர் சில வகுப்புகள் மட்டும் எடுத்துக்கொள்வதைப் பெரும்பாலான பள்ளிகள் ஒப்புக்கொள்ளும். பேசும்போதே மூன்று நிபந்தனைகளைச் சொல்லிவிடுங்கள். ஆசிரியர் பக்கத்திலும் பிரேக் உள்ள வண்டி வேண்டும். மைதானத்தில் வேண்டாம், நாம் வழக்கமாகப் போகும் வழியில் ஓட்ட வேண்டும். முடிந்தபின் ஆசிரியர் தன் பக்கத்து பிரேக்கை எங்கெங்கே மிதித்தார் என்று சொல்ல வேண்டும். அந்தக் கடைசித் தகவல் எந்த மருத்துவச் சான்றிதழிலும் கிடைக்காதது. பிள்ளை சொன்னால் கோபம் வரும். முன்பின் தெரியாத ஆசிரியர் "சார், இம்பீரியல் சாலையில் அந்தச் சிறுவனை நீங்கள் பார்க்கவில்லை" என்று சொன்னால் மனத்தில் தைக்கும்.

கற்றுக்கொள்ளவும் புதிதாக நிறைய இருக்கிறது. 1980-களில் லைசென்ஸ் வாங்கியவர்களுக்குச் சொல்லிக்கொடுத்தது, அவசரத்தில் பிரேக்கை விட்டு விட்டு மிதிக்க வேண்டும் என்பது. அன்றைய வண்டிக்கு அது சரி. 2019 ஏப்ரல் முதல் புதிய கார்கள் எல்லாவற்றிலும் சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் ஏ.பி.எஸ். பிரேக் கட்டாயம்; அதில் காலை எடுக்காமல் அழுத்தி மிதித்தபடி ஸ்டியரிங்கைத் திருப்ப வேண்டும். மிதி அதிரும், சத்தம் வரும், அதற்குப் பயந்து காலை எடுக்கக் கூடாது. இதைத் தெரியாமலே பத்தாண்டு ஓட்டியவர்கள் இருக்கிறார்கள். ரவுண்டானாவில் ஏற்கெனவே உள்ளே சுற்றிக்கொண்டிருப்பவருக்கு வழிவிட வேண்டும் என்பதும் பலருக்குப் புதுச் செய்தி. புதுச்சேரி இந்திரா காந்தி சதுக்கத்திலும் ராஜீவ் காந்தி சதுக்கத்திலும் இதை ஊரே மறந்துவிடுகிறது என்பது வேறு விஷயம்.

உட்காரும் விதத்தையும் அங்கேயே சரிசெய்துகொள்ளலாம். நெஞ்சுக்கும் ஸ்டியரிங்குக்கும் இடையே குறைந்தது 25 சென்டிமீட்டர் இருக்க வேண்டும். காற்றுப்பை விரிய அந்த இடம் தேவை. உயரம் குறைந்து முதுகு கூனியவர்கள் முன்னால் நகர்ந்து உட்கார்ந்து அந்த இடைவெளியை இழந்துவிடுகிறார்கள். நல்ல கெட்டியான திண்டு ஒன்று போட்டு உயர்ந்து உட்கார்வதே சரி. கழுத்தைத் திருப்ப முடியாதவர்கள் பக்கக் கண்ணாடிகளை இன்னும் சற்று வெளிப்புறமாகத் திருப்பிவைத்து, ஓரத்தில் சிறிய குவிந்த வட்டக் கண்ணாடி ஒட்டிக்கொள்ளலாம். பின்பட்டை இல்லாத ரப்பர் செருப்போடு ஓட்டுவதை விட வேண்டும். காரின் தரையில் விரித்த பழைய மிதியடியின் மேல் புதியதைப் போடும் பழக்கத்தையும்தான். நகர்ந்து போய் மிதிக்கு அடியில் சிக்கும்.

ஆட்டோமேட்டிக்: சொல்லும் அளவுக்கு உண்டா?

பிள்ளைகள் முதலில் நினைப்பது இதைத்தான், ஏனென்றால் பணம் அனுப்பினால் போதும். முழங்கால் வலி உள்ளவருக்குக் கிளட்ச் மிதிக்கத் தேவையில்லாத வண்டி வரம்தான். புதுச்சேரி மரப்பாலம் சந்திப்பில் அங்குலம் அங்குலமாக நகரும்போது இடது காலுக்கு வேலையில்லாமல் இருப்பது எவ்வளவு நிம்மதி என்று சொல்லத் தேவையில்லை. கியர் பற்றிய யோசனை போய்விடுவதால் கவனம் சாலையில் நிற்கும். கார் லைசென்ஸ் இருந்தால் போதும், தனி லைசென்ஸ் வேண்டாம்.

ஆனால் மாறும் காலம் ஆபத்தானது. நாற்பது ஆண்டு கிளட்ச் தேடிய இடது கால், அவசரத்தில் அகலமான பிரேக் மிதியை ஓங்கி மிதிக்கும். பின்னால் வருபவர் வந்து இடிப்பார். காலைப் பிரேக்கிலிருந்து எடுத்தவுடன் வண்டி தானே நகரும் என்பதும் புதிது. பிரேக் என்று நினைத்து ஆக்ஸிலரேட்டரை மிதிக்கும் தவறு எந்த வயதிலும் நடக்கும், வயதானால் கூடுகிறது. கியர் வண்டியில் கிளட்ச்சையும் சேர்த்து மிதிப்பதால் அந்தத் தவறு பெரும்பாலும் அங்கேயே அடங்கிவிடும். ஆட்டோமேட்டிக்கில் வண்டி பாய்ந்துவிடும். முதியவர்கள் நிறைந்த ஜப்பானில் இது பெரும் பிரச்சினையாகி, 2022 மே மாதம் முதல், தானே பிரேக் போடும் வசதியும் மிதி தவறினால் வேகத்தைத் தடுக்கும் வசதியும் உள்ள கார்களை மட்டும் ஓட்டுவதற்கென்றே ஒரு லைசென்ஸ் வகையைக் கொண்டுவந்தார்கள். 75 வயதைக் கடந்தவர்களுக்கு அங்கே புதுப்பிக்கும்போது நினைவாற்றல் தேர்வும் உண்டு.

ஆகவே என் கருத்து இது. முழங்கால் வலி நிஜமாகவே தடையாக இருந்தால் மாறலாம். 65 வயதில் மாறுவது 75-இல் மாறுவதைவிட எவ்வளவோ மேல். வாங்கியவுடன் லாஸ்பேட்டைக்குக் கிளம்பாமல், காலை நேரத்தில் ஆளில்லாத சாலைகளில் சில வாரங்கள் வலது காலை மட்டும் பயன்படுத்திப் பழக வேண்டும். குதிகால் பிரேக்குக்கு நேரே தரையில் ஊன்றி இருக்கட்டும். நுனிக்கால் மட்டும் ஆக்ஸிலரேட்டருக்குச் சாயட்டும். சாதாரண கியர்பெட்டியையே தானாக மாற்றும் குறைந்த விலை ஏ.எம்.டி. வண்டிகள் கியர் மாறும்போது லேசாகத் தயங்கும். முந்திப் போகும் நேரத்தில் அந்தத் தயக்கம் கணக்கைக் குழப்பும். ஓட்டிப் பார்த்து, பிடித்தால் வாங்குங்கள். பழைய வண்டி வாங்குவதானால் 2019 ஜூலைக்குப் பிறகு தயாரானதாகப் பாருங்கள். அன்றிலிருந்துதான் ஓட்டுநருக்கான காற்றுப்பை, பின்பக்கச் சென்சார், வேக எச்சரிக்கை ஆகியவை கட்டாயமாயின. உயரமாக உட்காரும் சிறிய கார் போதும். வெளிநாட்டுப் பிள்ளை அன்போடு அனுப்பும் பெரிய எஸ்.யூ.வி.யைப் போல மஞ்சக்குப்பத்துத் தெருக்களுக்குப் பொருந்தாத பரிசு வேறில்லை.

ஸ்கூட்டரைப் பற்றி: நூறு கிலோவுக்கு மேல் எடையுள்ள வண்டியை நிறுத்தும்போதும் எடுக்கும்போதும் சமநிலை தவறிக் கீழே விழுந்தால், அந்த வயதில் இடுப்பெலும்பு உடையும். காரில் சிறு உராய்வாக முடிவது ஸ்கூட்டரில் அறுவைச் சிகிச்சையாக முடியும். கார் பயமாக இருக்கிறது என்று ஸ்கூட்டருக்கு மாறுவது பின்னோக்கிய முடிவு.

ஆக்டிங் டிரைவர்

புதுச்சேரி மகள் வீட்டுப் பயணத்துக்கும், இரவுக்கும், மழைக்கும் இதுவே என் தேர்வு. சுமார் 22 கிலோமீட்டர்தான், ஆனால் மேலே சொன்ன அத்தனை தொல்லைகளும் அதற்குள் அடக்கம். ஊருக்குள் போனாலும் வேலை முடிவதில்லை. வெள்ளை நகரில் ஒருவழித் தெருக்கள், மாலையில் கடற்கரைச் சாலையில் வண்டிகளுக்குத் தடை, ஞாயிற்றுக்கிழமை காந்தி வீதியில் சந்தை, பெருமழை பெய்தால் இந்திரா காந்தி சதுக்கத்தில் முழங்கால் தண்ணீர். டிரைவர் இருந்தால் வாசலில் இறங்கிக்கொள்ளலாம், நிறுத்த இடம் தேடும் வேலை அவருடையது.

இந்த ஏற்பாட்டில் சிக்கல் ஒன்றுதான்: நல்ல நாளில் ஆள் கிடைக்க மாட்டார். முகூர்த்தம், தீபாவளி, பொங்கல் என்றால் எல்லா வீடுகளுக்கும் அவரே வேண்டும். ஆகவே இரண்டு பேரைப் பழக்கிவைத்துக்கொள்ளுங்கள். முதல் முறை லைசென்ஸைப் பார்த்துக் காலாவதித் தேதியைக் குறித்துக்கொள்வதில் வெட்கப்பட வேண்டாம். லைசென்ஸ் இல்லாதவரிடம் வண்டியைக் கொடுத்தால் சட்டம் உரிமையாளரையும் பிடிக்கும். பேட்டா, சாப்பாடு, இரவு தங்கினால் எவ்வளவு என்பதை முதலிலேயே பேசிவிட வேண்டும். இன்ஷூரன்ஸ் புதுப்பிக்கும்போது, சம்பள ஓட்டுநருக்கான பொறுப்பு பாலிசியில் சேர்ந்திருக்கிறதா என்று கேளுங்கள்; கூடுதல் பிரிமியம் சொற்பம்தான்.

மாமா முதலில் ஒப்புக்கொள்ளவில்லை. பின் இருக்கையில் உட்கார்ந்தால் நோயாளி போல இருக்கிறது என்றார். முன் இருக்கையில் டிரைவர் தம்பி பக்கத்தில் உட்கார்ந்து வழி சொல்லிக்கொண்டு போகலாம் என்று முடிவானபின் சமாதானம் ஆயிற்று. அந்தத் தம்பிக்குப் பொறுமை அதிகம்.

காரை விற்றுவிடுவது

பணக் கணக்கில் பலருக்கு இதுதான் லாபம். இன்ஷூரன்ஸ், சர்வீஸ், டயர், பேட்டரி எல்லாம் சேர்த்து ஆண்டுக்கு 30,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். மாதம் 2,500. பெட்ரோலும் வண்டியின் தேய்மானமும் தனி. ஊருக்குள் மட்டும் புழங்குகிறவருக்கு அந்த 2,500 ரூபாயில் கணிசமான ஆட்டோ சவாரிகள் கிடைக்கும். தெரிந்த ஆட்டோக்காரர் ஒருவர் இருந்தால் வாசலுக்கே வருவார். புதுச்சேரிக்கு பஸ் தாராளம். ரயில் மட்டும் உதவாது. திருப்பாதிரிப்புலியூரில் ஏறினால் விழுப்புரம் சுற்றித்தான் புதுச்சேரி சேர முடியும்.

ஆனால் ஓட்டுவதை நிறுத்தியவர்களுக்கு மனச்சோர்வு கூடுகிறது என்று வெளிநாட்டு ஆய்வுகள் திரும்பத் திரும்பச் சொல்கின்றன. நம் ஊரில் கூட்டுக் குடும்பம், அக்கம்பக்கம் என்று சில தாங்கல்கள் உண்டு. இருந்தும் பிள்ளைகள் வெளியூரில் இருக்கும் தம்பதிக்கு அந்த வண்டிதான் கோயிலும் நண்பர்களும். விற்கும் முன் இரண்டு மாதம் சாவியை அலமாரியில் வைத்துவிட்டு, கார் இல்லாதது போலவே வாழ்ந்து பாருங்கள். எந்தப் பயணம் விட்டுப்போகிறது என்று தெரிந்துவிடும். விட்டுப்போனது அத்தையின் கோயில் மட்டும் என்றால் அதற்கு ஆட்டோவை ஏற்பாடு செய்துவிட்டு விற்கலாம்.

ஒப்பிட்டுப் பார்க்கவே இடமில்லாத நிலைமைகளும் இருக்கின்றன. பழகிய தெருவில் வழி தவறுவது, பிரேக்கையும் ஆக்ஸிலரேட்டரையும் ஒரு முறையாவது மாற்றி மிதித்தது, வண்டியில் எங்கே பட்டது என்று சொல்லத் தெரியாத புதுக் கீறல்கள், திடீர் மயக்கம், வலிப்பு. இவற்றில் ஒன்று இருந்தாலும் மருத்துவர் பார்த்துச் சொல்லும்வரை வண்டி நிற்க வேண்டும். மறதி நோய் என்று உறுதியானால் வரம்போடு ஓட்டுவது, வகுப்பு எடுப்பது என்ற பேச்சுக்கே இடமில்லை. அப்போது அந்த முடிவை மருத்துவர் வாயால் சொல்ல வைப்பது நல்லது. மகன் சொன்னால் அது அவமானமாகிவிடும்.

மாமா வீட்டில் முடிவானது கலவைதான். கண் பரிசோதனை ஆண்டுதோறும், டிரைவிங் ஸ்கூல் வகுப்புகள் உடனே, கடலூருக்குள் பகலில் தானே, புதுச்சேரிக்கும் இரவுக்கும் ஆக்டிங் டிரைவர். ஆட்டோமேட்டிக் கார் யோசனை தள்ளிப் போடப்பட்டது. கார் பதினைந்து ஆண்டை எட்டிப் பதிவைப் புதுப்பிக்க வேண்டி வரும்போது விற்பதா என்று மறுபடி பேசுவார்கள்.

விற்கும் வீடுகளுக்கு ஒரு தகவல். உரிமை மாற்றத்துக்கான படிவம் 29, 30 இரண்டிலும் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டால் வேலை முடிந்தது என்று இருந்துவிடாதீர்கள். ஆர்.சி. எனும் பதிவுச் சான்றில் பெயர் மாறும்வரை அந்த வண்டி செய்யும் விபத்துக்குப் பதிவேட்டில் இருக்கும் உரிமையாளரே பொறுப்பு என்று உச்ச நீதிமன்றம் 2018-இல் தீர்ப்பளித்திருக்கிறது. கடலூரில் புதுச்சேரிப் பதிவான பி.ஒய். எண் வண்டி வைத்திருப்பவர்கள் ஏராளம். அதைத் தமிழ்நாட்டு (டி.என்.) பகுதியில் இருப்பவருக்கு விற்றால் மாநிலம் மாறுவதால் படிவம் 28-இல் தடையில்லாச் சான்றும் வாங்க வேண்டும். பெயர் மாறிய ஆர்.சி.யின் நகல் கைக்கு வரும்வரை வாங்கியவரை விடாமல் கேட்டுக்கொண்டே இருங்கள்.